வயல் மீன்கள் எதைத் தின்கின்றன என்று கண்டறியும் முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் பாயும் வயல்களுக்குள் தண்ணீரோடு சிறு மீன்களும் தாமாகவே வந்து சேர்கின்றன. மடையில் மீன் துள்ளுவதைக் கண்டதும் தவிட்டை அள்ளி வீசும் பழக்கம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் பலரிடம் உண்டு. ஆனால், எந்த மீன் எதைத் தின்னும் என்று பாராமல் வீசும் தவிட்டில் பெரும்பகுதி சேற்றில் அழுகி, தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் குறைத்து, மீனுக்கே கேடாக முடிகிறது. ஆகவே முதலில் மீனைப் பார்க்க வேண்டும்.

பார்வையை வாயிலிருந்து தொடங்குவது எளிது. வாய் மேல்நோக்கித் திறந்திருந்தால் அந்த மீன் நீர்ப்பரப்பில் இரை தேடுவது. தலையில் வெள்ளிப் பொட்டுடன் பரப்பை ஒட்டி நீந்தும் மானத்துக்கண்ணி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கொசுப்புழுவும் தண்ணீரில் விழும் எறும்பும் அதன் இரை. வானத்தை மானம் என்பது நம் வழக்கிலும் உண்டென்பதால், இந்த மலையாளப் பெயருக்கு நமக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. வாய் கீழ்நோக்கி, மீசையும் இருந்தால் அது அடியில் மேய்வது: அயிரை சேற்றை வாயில் வாங்கிச் சலித்து, மணலைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. மலையாளத்தார் பரல் என்னும் சிறு கெண்டைக்கு வாய் ஏறக்குறைய முனையிலேயே இருப்பதால் அது எங்கும் மேயும். நெல்தண்டின் நீருக்குள் இருக்கும் பகுதியில் படியும் வழுவழுப்பான பாசியை அது கொறிப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

அதைக் காண்பதற்குக் காலை வெயில் ஏறுமுன், நிழல் தண்ணீரில் விழாதபடி வரப்பில் 15 நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் போதும். கெளுத்தி இரவில் இரை தேடுவதாகையால் பகற்பார்வைக்குச் சிக்காது. பூச்சிமருந்து தெளித்த வயலில் சில நாள்களுக்கு இந்த வேலையே வேண்டாம். செத்து விழும் பூச்சிகளை மீன் நிறையத் தின்றிருக்கும், அது அதன் வழக்கமான உணவு ஆகாது.

உறுதியான விடை குடலில்தான் கிடைக்கும். இதற்கு இரவெல்லாம் பறி வைத்துப் பிடித்த மீன் உதவாது, ஏனெனில் விடிவதற்குள் அதன் குடல் காலியாகியிருக்கும், அல்லது பறிக்குள் அகப்பட்ட சிறியதைப் பெரியது தின்றிருக்கும். காலையில் கைவலையால் ஒரே இனத்தில் 10 மீன்களைப் பிடித்து, உடனே பனிக்கட்டியில் புதைத்து வையுங்கள்; செத்த பின்னும் செரிமானம் நின்றுவிடுவதில்லை என்பதால் இதில் தாமதம் கூடாது. முதலில் மூக்கு நுனியிலிருந்து வாலடி வரை அளந்து குறித்துக்கொண்டு, சிறு கத்தரியால் மலத்துளையிலிருந்து தொண்டை நோக்கி மேலாக வெட்டி, பித்தப்பை உடையாமல் குடலை எடுத்து, நனைந்த கண்ணாடியில் இழுக்காமல் சுருள் பிரித்து அதையும் அளக்க வேண்டும். குடல் உடலைவிடக் குட்டையாக இருந்தால் பெரும்பாலும் ஊன் தின்னி. குடல் உடலைப்போல் சில மடங்கு நீண்டு சுருண்டிருந்தால் பாசியும் மட்கிய பொருளும் தின்பது.

விராலுக்கும் குரவைக்கும் இரைப்பை உண்டு, அதைத் திறந்தாலே தவளைக்குஞ்சோ சிறு மீனோ ஏறக்குறைய முழுதாகக் கிடைக்கும். கெண்டைக்கு இரைப்பை கிடையாது. ஆகவே குடலின் முன்பகுதியில் உள்ளதை மட்டும் எடுத்து, இரண்டு சொட்டு நீரில் கலந்து, பள்ளிக்கூட நுண்ணோக்கியில் பார்க்கலாம். தொண்டைப் பற்களால் அது இரையை அரைத்துவிடுவதால் முழுப்பூச்சியை எதிர்பார்க்காமல் கால், தலையின் ஓடு, சிறகுத்துண்டு ஆகியவற்றைத் தேட வேண்டும். பச்சை இழை பாசி. மணல் இருப்பதால் மீன் மணலைத் தின்கிறது என்று எழுதிவிடக் கூடாது. இரையோடு சேர்ந்து போனது அது. ஒவ்வொரு பொருளும் 10 மீன்களில் எத்தனையில் இருந்தது என்ற எண்ணிக்கையே வீட்டுக் கணக்குக்குப் போதுமானது.

ஒருமுறை பார்த்து முடிவு செய்வது தவறு. நடவு முடிந்த தொடக்கத்தில் வெயில் நேரே தண்ணீரில் படுவதால் பாசியும் நீர்த்தெள்ளும் பெருகியிருக்கும். தூர் கட்டிப் பயிர் மூடியபின் நிழலில் பாசி குறைந்து, இலையிலிருந்து விழும் பூச்சியின் பங்கு கூடும். அறுவடைக்காக நீரை வடிக்கும்போது குழிகளில் ஒதுங்கும் பொடிமீன்களை விராலும் கொக்கும் பங்கிட்டுக்கொள்ளும். இந்த மூன்று காலத்திலும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஆனால் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவத்தின் முதல் மழையில் முட்டையிட ஏறிவரும் மீன்களை இதற்கென்றும் பிடிக்காதீர்கள். இப்படி ஏறிவரும் மீனைப் பிடிக்கும் ஊத்தபிடித்தம் கேரளத்தில் சட்டப்படி குற்றம்.

குடலில் பாசியும் புழுவும் நிறைந்திருந்தால் அந்த வயலுக்குத் தவிடு தேவையில்லை. பல மீன்களின் குடல் காலியாக இருந்தால் மட்டும், மடைக்குழியில் காலையில் ஒரு பிடி போட்டு, அரை மணி நேரத்தில் தின்று தீர்ந்ததா என்று பார்த்த பிறகே அடுத்த பிடியைப் போடுங்கள்.