ஞாயிறு திருப்பலியோடு நின்றுவிடாமல் பங்கு வாழ்வில் இணைவது எப்படி

ஞாயிறு தவறாமல் கத்தோலிக்கக் கோவிலுக்குத் திருப்பலிக்குப் போகிறோம், பங்கில், அதாவது அந்தக் கோவிலைச் சேர்ந்த மக்களில், யாரையும் தெரியாது. ஏதாவது செய்ய ஆசை, எங்கே தொடங்குவதென்று புரியவில்லை. இப்படி இருப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பெரிய பொறுப்பைத் தேடாதீர்கள். ஒரு வாரம் நீங்கள் வராவிட்டால் இரண்டு பேராவது “எங்கே காணோம்?” என்று கேட்கிற மாதிரி ஒரு சிறிய வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற உறவுகள் அதன் வழியாகவே வரும்.

முதலில் பதிவு

எந்தக் கோவில் பிடிக்கிறதோ அதுதான் நம் பங்கு என்று பலர் நினைக்கிறார்கள். திருச்சபைச் சட்டப்படி பங்கு என்பது பொதுவாக எல்லை வகுக்கப்பட்ட பகுதி. ஓரிடத்தில் மூன்று மாதம் தங்கிவிட்டாலோ, அவ்வளவு காலம் தங்கும் எண்ணத்தோடு வந்தாலோ, அந்தப் பகுதியின் பங்குத்தந்தை உங்களுக்கும் பங்குத்தந்தைதான். வேறு கோவிலில் திருப்பலி காணத் தடையில்லை. பல இடங்களில் எல்லைக்கு வெளியே இருப்பவர்களையும் பதிந்துகொள்வார்கள். ஆனால் ஏதாவது ஒரு பங்கில் உங்கள் குடும்பத்தின் பெயர் இருக்க வேண்டும்.

பங்கு அலுவலகத்துக்கு வார நாளில் போங்கள். திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணச் சான்றிதழ்களின் நகல்களைக் கொண்டுபோங்கள். வீடு மாறினாலும் திருமுழுக்குப் பதிவேடு உங்களோடு மாறாது. திருமுழுக்கு பெற்ற பங்கிலேயே இருக்கும். உறுதிபூசுதலும் திருமணமும் அந்தப் பதிவின் ஓரத்தில்தான் பின்னால் குறிக்கப்படும். அதனால்தான் திருமணத்துக்குப் பழைய சான்றிதழ் போதாது, புதிதாக எழுதி வாங்கிய சான்று கேட்பார்கள். கடிதம் எழுதி வரவழைக்க வாரக்கணக்கில் ஆகலாம். கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

பதிவு செய்யாமல் இருந்தால் என்ன ஆகும்? ஒருநாள் உறவினர் குழந்தையின் திருமுழுக்கில் ஞானப்பெற்றோராக நிற்க அழைப்பார்கள். பொதுவாக 16 வயது நிரம்பியிருக்க வேண்டும், உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றிருக்க வேண்டும், நம்பிக்கை வாழ்வு வாழ்பவராக இருக்க வேண்டும், குழந்தையின் தாயோ தந்தையோ ஆக இருக்கக் கூடாது. இதற்குப் பங்குத்தந்தையிடம் கடிதம் கேட்டுப் போகும்போது, உங்களை அறியாத ஒருவர் உங்கள் நம்பிக்கை வாழ்வுக்கு எப்படிச் சாட்சி சொல்வார்? சங்கடம் இரண்டு பக்கமும்தான்.

முகம் தெரியவேண்டும்

நான்கு திருப்பலி நடக்கும் பங்கில், ஒன்றையொன்று அறியாத நான்கு கூட்டங்கள் இருக்கும். இந்த வாரம் காலை, அடுத்த வாரம் மாலை என்று மாறிமாறிப் போனால் எங்கேயும் ஒட்டமாட்டீர்கள். ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பத்து நிமிடம் முன்னால் வந்து, ஏறக்குறைய அதே இடத்தில் உட்காருங்கள். முடிந்த பிறகு கால்மணி நேரம் இருங்கள். இறுதி ஆசீர் முடியும் முன்பே வண்டியை எடுக்கிறவரை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

பங்குத்தந்தையிடம் பேச ஞாயிறு வாசற்படி சரியான இடம் அல்ல. பெயரும் எந்தத் தெரு என்பதும் சொல்லி, எப்போது வந்து பார்க்கலாம் என்று மட்டும் கேளுங்கள். போகும்போது “ஏதாவது உதவி வேணுமா ஃபாதர்?” என்று பொதுவாகக் கேட்டால், “சொல்றேன்” என்ற பதிலோடு முடிந்துவிடும். “ஞாயிறு காலைத் திருப்பலியில் எந்த வேலைக்கு ஆள் குறையுது?” என்று கேளுங்கள், ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் கையில் கிடைக்கும். அநேகமாக அது ஒருங்கிணைப்பாளருடையதாக இருக்கும். அன்றே அவரை அழைத்துவிடுங்கள்.

வாசகராக: சிறிய பணி, பெரிய கவனம்

பாட்டுப் புத்தகம் கொடுப்பது, நாற்காலி போடுவது, காணிக்கை எடுப்பது, பீடத்தைச் சுற்றிச் சுத்தம் செய்வது ஆகியவற்றுக்குப் பயிற்சி அதிகம் தேவையில்லை. எந்தப் பங்கிலும் உடனே ஆள் வேண்டும். அதற்கு அடுத்து எளிதில் கிடைப்பது வாசகர் பணி, அதாவது திருப்பலியில் விவிலியப் பகுதியை மேடையிலிருந்து படிப்பது. அதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. வழிபாட்டு ஆண்டு ஜனவரியில் அல்ல, திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறன்று தொடங்குகிறது. அந்த ஞாயிறு வாசக நூலில் பழைய ஆண்டின் பக்கத்தைத் திறந்துவிடும் தவறு எல்லா இடத்திலும் நடக்கிறது. திருப்பலிக்கு முன்பே வாசக மேடைக்குப் போய்ப் பக்கத்தைப் பார்த்து, நாடாவை வைத்துவிட்டு வாருங்கள்.

திங்கட்கிழமையே வாசகத்தை எடுத்து, நாள்தோறும் ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். மனதுக்குள் படிப்பது போதாது. பெந்தக்கோஸ்து நாளில் மெசப்பொத்தாமியா, கப்பதோக்கியா, பிரிகியா, பம்பிலியா என்று வரிசையாக வரும். நாக்கு பழகாமல் மேடையில் ஏறினால் அங்கேயே தடுக்கும். பவுலின் திருமுகங்களில் ஒரே வாக்கியம் ஐந்தாறு வரி ஓடும். எங்கே மூச்சு விடுவது என்று நகலில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மேடையில் “முதல் வாசகம்” என்ற தலைப்பையும் அதன் கீழே உள்ள மையக்கருத்து வரியையும் படிக்க வேண்டாம். “இறைவாக்கினர் எசாயா நூலிலிருந்து வாசகம்” என்று நேரே தொடங்குங்கள். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், தட்டிப் பார்க்காதீர்கள். கடைசி வரி முடிந்ததும் மனதுக்குள் இரண்டு எண்ணும் அளவு நிறுத்திவிட்டு “ஆண்டவரின் அருள்வாக்கு” என்று சொல்லுங்கள். ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னால் கேட்ட வார்த்தை மனதில் இறங்க இடமே இருக்காது.

மற்ற பணிகளும் குழுக்களும்

நற்கருணை வழங்கும் பணியை நீங்களாகக் கேட்காதீர்கள். பங்குத்தந்தை தேர்ந்து, மறைமாவட்டத்தின் அனுமதியோடு கொடுப்பது அது. மறைக்கல்வி ஆசிரியர் பணிக்கு எப்போதும் ஆள் தேவை, ஆனால் ஆண்டு முழுவதும் வர முடியும் என்றால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். நடுவில் ஆசிரியர் மாறினால் பிள்ளைகள்தான் பாதிக்கப்படுவார்கள். பல இடங்களில் காவல்துறைச் சான்றும் சிறார் பாதுகாப்புப் பயிற்சியும் கேட்பார்கள். மனம் நோக வேண்டாம். வகுப்பில் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும், பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்புவது பெற்றோர் வழியாக மட்டுமே. கேட்காவிட்டாலும் நீங்களே இதைக் கடைப்பிடியுங்கள்.

செபமும் வீடு சந்திப்பும் செய்யும் பொதுநிலையினர் குழுவான மரியாயின் சேனை 1921-இல் டப்ளினில் தொடங்கியது. வாரம் ஒரு கூட்டம், இருவர் இருவராகப் போய்ச் செய்யும் பணி, முதல் மூன்று மாதம் பயிற்சிக்காலம் என்று அதன் ஒழுங்கு கறாரானது. வாரந்தோறும் வர முடியாதவர்கள் செப உதவி உறுப்பினராகலாம். ஏழைக் குடும்பங்களைச் சந்திக்க விரும்பினால் 1833-இல் பாரிசில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை ஏற்றது. அங்கேயும் இருவராகத்தான் போவார்கள். ஒரு வீட்டில் பார்த்ததை வெளியே பேசுவதில்லை.

அன்பியம் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீடுகளில் கூடும் சிறு குழு) இருக்கும் பங்கானால் அதைத் தவறவிடாதீர்கள். அங்கே பலரும் பின்பற்றுவது ஏழு படி விவிலியப் பகிர்வு: ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, தொட்ட சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது, மௌனம், பகிர்வு, செய்யவேண்டிய பணியைப் பேசுவது, செபம். பெரும்பாலும் கெடுவது ஐந்தாம் படியில்: ஒருவர் மறையுரை ஆற்றத் தொடங்கிவிடுவார். “நான்”, “எனக்கு” என்று தன் அனுபவத்தை மட்டும் சொல்வது, மற்றவர் சொன்னதற்குக் கருத்துச் சொல்லாமல் விடுவது என்ற இரண்டையும் தொடக்கத்திலேயே நினைவூட்டினால் போதும். ஆறாம் படியை நேரமில்லை என்று விட்டுவிடும் குழு, சில மாதங்களில் வெறும் செபக் கூட்டமாகிவிடும்.

எங்கே சறுக்கும்

ஆர்வத்தில் ஒரே மாதத்தில் நான்கு குழுக்களில் சேர்கிறவர் ஆறாம் மாதம் எதிலும் இருப்பதில்லை. முதல் ஆண்டு ஒரு பணி, ஒரு குழு. அதற்கு மேல் வேண்டாம். “எங்க பழைய பங்கில் இப்படிச் செய்வோம்” என்ற யோசனைகளையும் அந்த ஓராண்டு தள்ளிவையுங்கள். பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஒருவரின் உழைப்பைக் குறைசொன்னதாகவே அது கேட்கும்.

பங்குப் பேரவைக்குத் தேர்வானால் அதன் வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்: சட்டப்படி அது ஆலோசனை மன்றம் மட்டுமே, முடிவு பங்குத்தந்தையுடையது. நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டும். காணிக்கைப் பணத்தை ஒருபோதும் தனியாக எண்ணாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். உறவில்லாத இருவர் சேர்ந்து எண்ணி, தொகையை எழுதிக் கையெழுத்திடுங்கள். உங்கள் நேர்மைக்கு அதுவே பாதுகாப்பு.

திருமண நிலையில் சிக்கல் இருப்பவர்கள், கத்தோலிக்கரல்லாத துணைவர்கள் ஆகியோருக்கும் இடம் இருக்கிறது. சில வழிபாட்டுப் பணிகளுக்கு நிபந்தனை உண்டு; உதவிப் பணி, நோயாளர் சந்திப்பு, விழா ஏற்பாடு போன்றவை பெரும்பாலும் எல்லாருக்கும் திறந்தவை. நிலையை மறைக்காமல் பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

வர முடியாத வாரம் முன்கூட்டியே மாற்று ஆளை நீங்களே ஏற்பாடு செய்து ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவியுங்கள். பணியை விட நேர்ந்தால் ஒரு மாதம் முன்பே சொல்லி, அடுத்தவரை இரண்டு மூன்று வாரம் பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள். சாவி, பெயர்ப்பட்டியல், கணக்கேடு எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்துவிட்டு விலகுங்கள்.