அடிமுறைக்குப் புதியவரா? மூச்சு இரைக்காமல் சுவடு வைக்க

அடிமுறை நம்ம குமரி மாவட்டத்துத் தற்காப்புக் கலை. களரியில் (பயிற்சிக் களத்தில்) இறங்கிய புதிதில் பத்துச் சுவடு, அதாவது அடியும் தடுப்பும் சேர்ந்த கால்வைப்பு, வைப்பதற்குள் மூச்சு இரைக்கும். உடனே பலரும் ஓட்டத்தைக் கூட்டுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு காலில் இல்லை. அடி ஓங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்போது தோளும் கழுத்தும் இறுகும், ரத்த அழுத்தம் ஏறும், கை சீக்கிரம் சோர்ந்துவிடும்.

முதல் வேலை வயிற்று மூச்சு. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். ஒரு கை நெஞ்சில், மறு கை தொப்புளுக்கு மேல். மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். வயிற்றில் உள்ள கைதான் நன்றாக உயர வேண்டும். தினமும் 5 நிமிடம் போதும். வேகமாக இழுத்து விட்டால் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறித் தலை கிறுகிறுக்கும்.

படுத்துப் பழகியதும் நின்றுகொண்டு செய்யுங்கள். பிறகு ஒற்றைச் சுவட்டைப் பாதி வேகத்தில் எடுங்கள். இங்கே அவசரமே கூடாது. குத்து போய்ச் சேரும் கணத்தில் பல்லிடுக்கு வழியாக ‘ஸ்’ என்று சின்னதாக மூச்சு விடுங்கள். உள்ளிருப்பதை மொத்தமாகக் காலி செய்தால் அடுத்த அடிக்கு ஒன்றும் மிஞ்சாது. கை திரும்பும்போது மூச்சு தானாக உள்ளே வரும், இழுக்க மெனக்கெட வேண்டாம். வாயைப் பிளக்காதீர்கள், தாடையில் அடி விழுந்தால் நாக்கு கடிபடும். அடியைத் தடுக்கும்போதும் இதே ‘ஸ்’ வேண்டும். முக்கால்வாசிப் பேர் மறப்பது இதைத்தான்.

மூச்சு ஒத்துவந்த பிறகே நேரத்தைக் கூட்டுங்கள். 1 நிமிடம் சுவடு, 1 நிமிடம் ஓய்வு, இப்படி 4 சுற்று. ஓய்வு முடியும்போது ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிந்தால், அடுத்த வாரம் சுவட்டை ஒன்றரை நிமிடமாக்கலாம்.

ஓட்டம் வாரம் 3 நாள், 20 நிமிடம், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். குமரிக் கடற்கரையில் சொத்தவிளை, சங்குத்துறைப் பக்கம் இருப்பவர்கள் அலை நனைத்த கெட்டி மணலில் ஓடுங்கள். உதிரி மணல் கெண்டைக்காலைப் பிடித்துவிடும். கரை சரிவாக இருப்பதால் போன தூரமே திரும்பி ஓடினால்தான் இரண்டு காலுக்கும் பாரம் சமமாகும்.

நம்ம ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உலராது, உடம்புச் சூடும் இறங்காது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். நிறைய வியர்த்தால் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி நல்லது. மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் 3 மணி நேரம் போகட்டும். இல்லையென்றால் விலாவில் குத்தும்.

ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கையெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, ஆசானிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நெஞ்சு வலித்தாலோ கண் இருட்டினாலோ அந்த இடத்திலேயே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.