மும்பை ஃபிளாட்டில் வயலின் சாதகம்: முக்கால் மணி நேரத்தில் என்ன செய்யலாம்

அலுவலகம் முடிந்து லோக்கல் ரயிலில் நின்றபடியே புறநகரான டோம்பிவிலி வந்து சேருகிறவருக்குத் தினமும் இரண்டு மணி நேரக் கர்நாடக வயலின் சாதகம் (பயிற்சி) நடக்காத காரியம். முக்கால் மணி நேரம் கிடைத்தாலே கை முன்னேறும். ஆனால் சரளி வரிசை என்ற தொடக்கப் பாடத்திலிருந்து வர்ணம் என்ற பெரிய உருப்படி வரை ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டுப் பெட்டியை மூடினால், நேற்றைய தப்புதான் இன்று இன்னும் கெட்டிப்படும்.

முதல் ஐந்து நிமிடம் சுருதிக்கு. போனின் சின்ன ஸ்பீக்கரில் தம்புரா ஆப்பின் கீழ் ஸட்ஜம் (ஸ) சரியாகக் கேட்காது. ஒரு புளூடூத் ஸ்பீக்கரில் வையுங்கள். தடித்த தந்தியிலிருந்து ஸ, ப, ஸ, ப என்று சேருங்கள்; மெல்லிய தந்திதான் முதல் தந்தி. தந்தியை முறுக்கும் மரத் திருகான பெக்கைத் திருப்பும்போது முதலில் கொஞ்சம் தளர்த்தி, பிறகு உள்பக்கமாக அழுத்திக்கொண்டே ஏற்றுங்கள். மழைக்காலத்தில் மரம் ஊதி பெக் இறுகிவிடும். குறடு போட்டுத் திருகினால் உடையும். ஏசி அறையில் காற்று வறண்டால் அதே பெக் வழுக்கும்.

அடுத்த பத்து நிமிடம் வில்லுக்கு மட்டும். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து, விரல் வைக்காமல் வெறும் தந்தியில் ஒரு வில்லுக்கு 8 எண்ணிக்கை. ஒலி சீரானதும் 12, பிறகு 16. வில்லின் நுனிக்குப் போகப் போக ஒலி மெலியும், அங்கே கை எடை சேராது என்பதால். ஆள்காட்டி விரலால் மெல்ல எடை கொடுங்கள். அடிப்பக்கம் வரும்போது வில்லின் எடையே அதிகமாகி கரகரக்கும்; சுண்டுவிரல் அதைத் தாங்க வேண்டும். எதிரே கண்ணாடி இருந்தால் வில், தந்திகளைத் தாங்கும் மரப் பாலமான பிரிட்ஜுக்கு இணையாகப் போகிறதா என்று தெரியும். கோணினால் ஒலி விசிலடிக்கும்.

பிறகு, ஆரம்பப் பாடங்களுக்கான மாயாமாளவகௌளை ராகம். ஸ ரி க ம, ப த நி ஸ இரண்டுக்கும் ஒரே இடைவெளிகள் என்பதால் இரண்டாம், முதல் தந்திகளில் கை வடிவம் மாறவே மாறாது: முதல் விரல் (ஆள்காட்டி விரல்) பெக் பக்கம் தந்திகள் படியும் மேல் நட்டுக்கு அருகில், இரண்டாம் விரல் நன்றாகத் தள்ளி, மூன்றாவது அதை ஒட்டி. இங்கே வழக்கமாக நேரும் தப்பு, இரண்டாம் விரல் நீளாமல் அந்தர காந்தாரம் (இந்த ராகத்தின் க) இறங்கிவிடுவது. காதுக்கு அது, ஒரு படி கீழே இருக்கும் ‘சாதாரண காந்தாரம்’ என்ற ஸ்வரத்தின் பக்கம் சாய்ந்து கேட்கும்.

விரல் சரியாக விழுந்ததா என்று வயலினே சொல்லும். முதல் தந்தியில் மூன்றாம் விரலால் மேல் ஸட்ஜம் வாசித்து வில்லை எடுத்துவிடுங்கள். சுருதி சேர்ந்திருந்தால் பக்கத்து ஸட்ஜத் தந்தி தானாக முனகும். ஒரு நூல் பிசகினாலும் அந்த ரீங்காரம் செத்துவிடும். இரண்டாம் தந்தியில் நான்காம் விரல் பஞ்சமத்தை முதல் தந்தியின் திறந்த பஞ்சமத்தோடு சேர்த்து வாசியுங்கள். அலை அடித்தால் விரலை நகர்த்துங்கள். எந்த ஆப்பும் இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்) தொடர்ந்து மூன்று தரம் சுத்தமாக வந்த பிறகுதான் அதன் இரட்டை வேகமான இரண்டாம் காலம்.

மிச்ச நேரம் வர்ணத்துக்கு, அதுவும் தடுமாறும் ஒரே ஒரு ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு). வாயால் ஸ்வரம் பாடிவிட்டு வாசியுங்கள். பாட வராத இடம் கையிலும் வராது. உதாரணமாக, தோடி ராகத்தின் காந்தாரம் ரிஷபத்துக்கும் (ரி) மத்யமத்துக்கும் (ம) நடுவே அசைவது. முதலில் அந்த இரண்டு முனைகளையும் அசைவில்லாமல் வாசித்து இடத்தை உறுதி செய்துகொண்டு, பிறகு மெதுவாக இழையுங்கள். முனை தெரியாமல் அசைத்தால் வெறும் நடுக்கம்தான் வரும்.

இரவு பத்துக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர் தூங்க வேண்டும். பிரிட்ஜில் ஒலியை அடக்கும் ரப்பர் மியூட் மாட்டுங்கள். ஆனால் மியூட் வில்லின் குறைகளை மறைத்துவிடும். அதனால் இரவில் இடக்கைப் பாடம், வில் பயிற்சி காலையில்.

முடித்ததும் தந்தியில் படிந்த வியர்வையையும் வில்லின் முடியில் தேய்க்கும் ரோசின் தூளையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டு, வில்லின் திருகைத் தளர்த்துங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கட்டும். ஈரத்தில் வில்லின் முடி நீளும். அந்த மாதங்களில் வழக்கத்தைவிட ஓரிரண்டு சுற்று அதிகம் முறுக்க வேண்டியிருக்கும்.