அமெரிக்கப் பள்ளிகளில் மூத்த மனநல கேஸ் மேனேஜராகப் பணியாற்றுதல்: ஒரு வழிகாட்டி

அமெரிக்கப் பள்ளிகளில் ‘பிஹேவியரல் ஹெல்த் கேஸ் மேனேஜர்’ என்ற பதவியில் இருப்பவர் மாணவருக்குச் சிகிச்சை அளிப்பவர் அல்லர். மனநலச் சிக்கலோ போதைப்பொருள் பழக்கமோ உள்ள மாணவர் தமக்குரிய சிகிச்சையாளரிடம் உண்மையிலேயே சென்று சேரும் வரையிலும், சேர்ந்த பின் இடையில் நின்றுவிடாமல் தொடரும் வரையிலும் குறுக்கே வரும் தடைகளைக் கண்டறிந்து நீக்குவதே அவருடைய வேலை. பள்ளிகளில் ‘ரெஃபர் செய்துவிட்டோம்’ (உரியவரிடம் அனுப்பிவைத்துவிட்டோம்) என்ற வாக்கியத்தோடு பல கோப்புகள் மூடப்படுகின்றன. அந்த வாக்கியத்தை ஒரு முடிவாக ஏற்காமல் இருப்பவரே மூத்த கேஸ் மேனேஜர் பதவிக்குத் தகுதியானவர் என்பது என் கருத்து.

கல்வித் தகுதியைப் பொறுத்தவரை, தொடக்க நிலைப் பணிக்குச் சமூகப்பணி, உளவியல் போன்ற துறைகளில் இளநிலைப் பட்டம் போதுமானதாக இருக்கலாம். மூத்த நிலைக்குப் பெரும்பாலும் முதுநிலைப் பட்டமும் சில ஆண்டுக் கள அனுபவமும் கேட்கப்படுகின்றன. மற்றவர்களின் பணியை மேற்பார்வையிட வேண்டிய இடங்களில் மாநில உரிமமும் தேவைப்படலாம். உரிம விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், விண்ணப்பிக்கும் முன் அந்த மாநிலத்தின் உரிம வாரியத்தின் விதிகளை நேரடியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் தருவது யார் என்பதிலிருந்து தொடங்குங்கள்

ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகமான பள்ளி மாவட்டமே உங்களை நியமித்திருக்கலாம். அல்லது வெளியிலுள்ள ஒரு மனநல அமைப்பு உங்களை நியமித்துப் பள்ளிக்கு அனுப்பியிருக்கலாம். இந்த வேறுபாடு நிர்வாக விவரமாகத் தோன்றினாலும், நீங்கள் எழுதும் ஒவ்வொரு குறிப்பும் எந்தச் சட்டத்தின்கீழ் வருகிறது என்பதை அதுவே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மாவட்டப் பணியாளரின் பதிவுகள் 1974-இல் இயற்றப்பட்ட, மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் ‘ஃபெர்பா’ சட்டத்தின்கீழ் கல்விப் பதிவுகளாகின்றன. மாணவருக்கு 18 வயது நிறையும் வரை அவற்றைப் பார்வையிடும் உரிமை பெற்றோருக்கு உண்டு. வெளி அமைப்பின் மருத்துவப் பதிவுகள் பொதுவாக மருத்துவத் தகவல்களின் அந்தரங்கத்தைக் காக்கும் 1996-ஆம் ஆண்டின் ‘ஹிப்பா’ சட்டத்தின்கீழ் வருகின்றன. ஆனால் அந்த அமைப்பு பள்ளியின் சார்பாகவே செயல்படுவதாக ஒப்பந்தம் சொல்லுமானால் நிலைமை மாறக்கூடும். ஆகவே பணியில் சேர்ந்தவுடன் அந்த ஒப்பந்தத்தை வாங்கிப் படித்து, ஐயமுள்ள இடங்களை மாவட்டத்தின் சட்ட ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டுப் பதில் பெறுங்கள்.

நினைவுக்காகத் தனியே எழுதி வைத்து, யாருடனும் பகிராத குறிப்புகள் ஃபெர்பாவின் வரையறைக்கு வெளியே நிற்கும். அதே குறிப்பைச் சக ஊழியர் ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் அந்த விலக்கு போய்விடும். இளம் பணியாளர்களுக்கு இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

மாணவர் தாமாகவே சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் வயதும் மாநிலத்தைப் பொறுத்ததே. வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயதிலும் பென்சில்வேனியாவில் 14 வயதிலும் புறநோயாளர் மனநலச் சிகிச்சைக்கு மாணவரே ஒப்புதல் தர முடியும்; வேறு பல இடங்களில் பெற்றோரின் கையொப்பம் இல்லாமல் எதுவும் நகராது. ஆசிரியர்களுக்குத் தகவல் சொல்லும்போது நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. ‘கேட்டவுடன் வகுப்பை விட்டு வெளியே செல்ல அனுமதியுங்கள்’ என்பது போல, அவர்கள் செய்ய வேண்டியதைச் சொன்னால் போதும்.

ரெஃபரல் வந்த நாள் முதல் முதல் அமர்வு வரை

ஆசிரியர், செவிலியர், பெற்றோர், சில வேளைகளில் மாணவரே கூட உதவி கேட்டு வருவர். வந்த கோரிக்கையை ஓரிரு பள்ளி நாட்களுக்குள் யாராவது ஒருவர் படித்து அவசரத்தின் அளவைத் தீர்மானிப்பதை வழக்கமாக்குங்கள். ‘மனச்சோர்வாக இருக்கிறார்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அனுப்பியவரிடம் திரும்பிச் சென்று, எதைக் கண்டார், எப்போதிலிருந்து, எந்தப் பாடவேளையில் என்று கேட்டறியுங்கள். வருகைப் பதிவு, மதிப்பெண் சரிவு, செவிலியர் அறைக்கு வந்துபோன தடவைகள் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பேச்சில் வெளிவராத பலவும் தெரியவரும். பள்ளி நாட்களில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ வராதிருப்பது நாள்பட்ட வருகையின்மையாகக் கருதப்படுகிறது. 180 நாள் கொண்ட ஆண்டில் அது 18 நாட்கள். அந்த எல்லையை எட்டும் மாணவரின் பின்னால் பதற்றமோ வீட்டுச் சிக்கலோ இருக்கிறதா என்று பார்க்காமல் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் அனுப்புவது வீண்.

வினாத்தாள்களை அவற்றின் எல்லையறிந்து பயன்படுத்த வேண்டும். மாணவரின் நடத்தை, உணர்வுச் சிக்கல்களைப் பார்க்கும் 25 வினாக்கள் கொண்ட எஸ்.டி.க்யூ., மனச்சோர்வுக்கான பி.எச்.க்யூ.-9, பதற்றத்துக்கான ஜி.ஏ.டி.-7 ஆகியவை பரவலாகப் பயன்பாட்டில் உள்ளன. இவை நோயை உறுதி செய்வதில்லை. மேலும் விசாரிக்க வேண்டுமா என்பதையே காட்டுகின்றன. பி.எச்.க்யூ.-9-இன் மொத்த மதிப்பெண் 0 முதல் 27 வரை செல்லும். 10-உம் அதற்கு மேலும் வந்தால் விரிவான மதிப்பீட்டுக்கு அனுப்புவது வழக்கம். எனினும் மொத்தம் 4 ஆகவே இருந்தாலும், இறந்துபோவது பற்றிய ஒன்பதாவது வினாவுக்குப் பூச்சியம் அல்லாத எந்த விடை வந்தாலும், அதே நாளில் அந்த மாணவருடன் நேரில் பேசியே ஆக வேண்டும். ஆகவே மாலையில் திருத்த ஆளில்லாத நாளில் அந்த வினாத்தாளைக் கொடுக்காதீர்கள். பள்ளி முழுவதற்கும் இத்தகைய கணக்கெடுப்பு நடத்தும் முன் பெற்றோருக்கு அறிவித்து, மறுக்கும் வாய்ப்பையும் தர வேண்டும். சில சூழல்களில் எழுத்துவழி ஒப்புதலே கட்டாயம்.

வெளியிலுள்ள தெரபிஸ்டிடம் அனுப்பும் கட்டத்தில்தான் பெரும்பாலான மாணவர்கள் தவறிப்போகின்றனர். காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் பெயர் இருப்பதால் அவரிடம் இடம் இருக்கிறது என்று பொருளல்ல. ஆகவே பெற்றோரிடம் ஐந்து தொலைபேசி எண்களை எழுதிக் கொடுத்து அனுப்புவதைக் கைவிடுங்கள். அவர்களை அருகில் வைத்துக்கொண்டோ, தொலைபேசி இணைப்பில் சேர்த்துக்கொண்டோ, நீங்களே அழைத்து நாளும் நேரமும் உறுதியான பின்பே உரையாடலை முடியுங்கள். குறைந்த வருமானமுள்ளோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட் உள்ள மாணவராயின், 21 வயதுக்குட்பட்டோருக்குத் தேவையான மனநலச் சிகிச்சையை வழங்குமாறு அத்திட்டத்தின் இ.பி.எஸ்.டி.டி. பிரிவு மாநிலங்களைக் கட்டாயப்படுத்துகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் மேல்முறையீடு செய்யும் வழி இருக்கிறது. அடுத்து, அழைத்துச் செல்வது யார், அந்த நேரத்தில் பெற்றோருக்கு விடுப்பு கிடைக்குமா, பேருந்து வசதி உண்டா, மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மாணவரையே மொழிபெயர்ப்பாளராக வைத்துப் பெற்றோரிடம் பேசுவது எவ்வளவு எளிதாகத் தோன்றினாலும் செய்யக்கூடாது; தம்மைப் பற்றிய மிகக் கடினமான செய்தியைத் தாமே வடிகட்டிச் சொல்லும் நிலைக்கு ஒரு பிள்ளையைத் தள்ளுவதாகும் அது.

தமிழ்க் குடும்பங்கள் உட்படப் பல புலம்பெயர்ந்த குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, ‘இது காலேஜுக்குத் தெரிந்துவிடுமா?’ என்பதே. பெற்றோர் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் நீங்களே அதை எடுத்துப் பேசுங்கள். வெளியிலுள்ள தெரபிஸ்டின் பதிவு பள்ளியின் மதிப்பெண் ஆவணத்தில் சேராது. கல்லூரிக்குச் செல்லும் அந்த ஆவணத்தில் மாணவரின் குறைபாடு பற்றிய குறிப்பு இடம்பெறக்கூடாது என்பதே கூட்டாட்சிக் கல்வித் துறையின் நிலைப்பாடு. இந்த ஒரு விளக்கம் கிடைத்த பிறகே பேசத் தொடங்கும் தந்தையர் பலர்.

வீடிழந்து உறவினர் வீட்டில் நெருக்கியடித்துத் தங்கியிருக்கும் குடும்பங்களும் 1987-ஆம் ஆண்டின் மெக்கினி–வென்டோ சட்டத்தின்படி வீடற்றோராகவே கருதப்படுகின்றன. அவர்களுக்கென ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் ஒரு தொடர்பு அலுவலர் இருப்பார். பழைய பள்ளிக்கே வந்துபோகப் போக்குவரத்து வசதி பெறவும் வழியுண்டு.

முதல் அமர்வுக்கு மறுநாள் அழைத்து, மாணவர் சென்றாரா என்று கேளுங்கள். மூன்றாம், நான்காம் அமர்வுகளுக்குப் பிறகும் கேளுங்கள்; சிறிது தேறியவுடன் குடும்பங்கள் நிறுத்திவிடுவது அந்தக் கட்டத்தில்தான். உங்கள் குழுவின் மாத அறிக்கையில் ரெஃபரல்களின் எண்ணிக்கையை முதல் வரியில் எழுதாதீர்கள். கோரிக்கை வந்த நாளுக்கும் மாணவர் கலந்துகொண்ட முதல் அமர்வுக்கும் இடைப்பட்ட நாட்களை அங்கே எழுதுங்கள்.

நெருக்கடி நேரங்களில்

தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் மாணவரைத் தனியே விடக்கூடாது. கழிப்பறைக்குச் செல்வதானாலும் உடன் ஒருவர் இருக்க வேண்டும். ‘உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். அவ்வாறு கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. தற்கொலை ஆபத்தை அளக்கும் கொலம்பியா அளவுகோல் போன்ற வினாவரிசையைப் பயன்படுத்தி, எண்ணம் மட்டுமா, திட்டமும் உண்டா, முன்பு முயன்றதுண்டா என்று பிரித்தறியுங்கள். பெற்றோரிடம் குரல்பதிவை விட்டுவிட்டு வேலை முடிந்ததாகக் கருதாமல், அவர்களிடம் நேரில் பேசும் வரை முயலுங்கள். வீட்டில் துப்பாக்கியோ, கைக்கெட்டும் இடத்தில் மருந்துகளோ உள்ளனவா என்பதைத் தயங்காமல் கேட்டு, எங்கே எப்படிப் பூட்டி வைப்பார்கள் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

‘என்னை நான் காயப்படுத்திக்கொள்ள மாட்டேன்’ என்று கையொப்பம் வாங்கும் பழைய பழக்கத்தால் பயனில்லை. பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் ஆகிய உளவியலாளர்கள் வகுத்த ஆறு படிகள் கொண்ட பாதுகாப்புத் திட்டத்தை மாணவரோடு அமர்ந்து, அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் இயங்கும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு, நெருக்கடி உதவி எண்ணுக்கு அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அதை அந்தத் திட்டத்தில் எழுதுவதோடு மாணவரின் கைபேசியிலும் சேமிக்கச் செய்யுங்கள். நடமாடும் நெருக்கடிக் குழு உங்கள் பகுதியில் இருந்தால், உடனடி உயிராபத்து இல்லாத வேளைகளில் காவல்துறைக்கு முன் அவர்களை அழைக்கும் ஏற்பாட்டை ஆண்டுத் தொடக்கத்திலேயே செய்துவையுங்கள்.

மருத்துவமனையில் சேர்த்தவுடன் பள்ளி பெருமூச்சு விட்டுவிடுகிறது. ஆனால் மாணவர் வீடு திரும்பிய பின் வரும் வாரங்களே ஆபத்து மிகுந்தவை. மாணவர் உள்ளே இருக்கும்போதே, தகவல் பகிர்வதற்கான ஒப்புதலைப் பெற்றோரிடம் வாங்கி, விடுவிப்புத் தேதியைக் கேட்டறியுங்கள். முதல் வகுப்புக்குள் நுழையும் முன், பெற்றோரும் மாணவரும் கவுன்சலரும் கலந்துகொள்ளும் மறுவருகைக் கூட்டம் நடக்க வேண்டும். விட்டுப்போன பாடங்களில் எவற்றைத் தள்ளுபடி செய்வது, நாள்தோறும் யாரிடம் வந்து தலைகாட்டுவது, நண்பர்கள் கேட்டால் என்ன சொல்வது என்பவை அங்கே முடிவாக வேண்டும். கடைசியாகச் சொன்னதே மாணவரை மிகவும் வாட்டும் கேள்வி. பெரியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவதும் அதையே.

துன்புறுத்தலோ புறக்கணிப்போ நடப்பதாக நியாயமான ஐயம் எழுந்தாலே குழந்தைப் பாதுகாப்புத் துறைக்கு அறிவிக்கும் கடமை பள்ளிப் பணியாளர்களுக்கு உண்டு. நீங்கள் துப்பறிய வேண்டியதில்லை, சான்று சேர்க்க வேண்டியதுமில்லை. பள்ளி முதல்வரிடம் சொல்லிவிட்டதால் கடமை தீர்ந்துவிட்டதாகப் பொதுவாகக் கருத முடியாது. கண்டவரே அழைக்க வேண்டும். மேற்பார்வையாளராக நீங்கள் ஒருபோதும் ‘கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்’ என்று சொல்லிவிடாதீர்கள்.

சிறப்புக் கல்வியும் ஒழுங்கு நடவடிக்கையும்

மனநலச் சிக்கல் படிப்பைப் பாதித்தால், மாற்றுத்திறனாளர் கல்விச் சட்டமான ஐ.டி.இ.ஏ.-இன்படி மதிப்பீடு கோரப் பெற்றோருக்கு உரிமை உண்டு. கோரிக்கையை எழுத்தில், தேதியிட்டுத் தரச் சொல்லுங்கள். பெற்றோர் ஒப்புதல் அளித்ததிலிருந்து 60 நாட்களுக்குள், அல்லது மாநிலம் வகுத்த கால வரம்புக்குள், மதிப்பீடு முடிய வேண்டும். சிறப்புக் கல்வி தேவைப்படாதவர்களுக்கு, வகுப்பறையில் தேவையான சலுகைகளைத் தரும் 504 திட்டம் இருக்கிறது. ஐ.இ.பி. (சிறப்புக் கல்விக்கான தனிநபர் திட்டம்) உள்ள மாணவரை ஒழுங்கு மீறலுக்காகத் தொடர்ந்து 10 பள்ளி நாட்களுக்கு மேல் விலக்க முடிவெடுத்தால், அந்த நடத்தை குறைபாட்டின் வெளிப்பாடா என்று 10 பள்ளி நாட்களுக்குள் ஆராய வேண்டும். அக்கூட்டத்தில் உங்கள் தேதிவாரிக் குறிப்புகளே மிகுந்த எடை பெறும். ‘முரட்டுத்தனமாக நடந்தார்’ என்ற குறிப்பால் அங்கே பயனில்லை, ‘10.15 மணிக்குத் தேர்வுத்தாள் கொடுக்கப்பட்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியேறினார், 20 நிமிடத்தில் தாமாகத் திரும்பினார்’ என்ற குறிப்பு உதவும்.

குழுவை நடத்துதல்

மாணவர் எண்ணிக்கையைச் சமமாகப் பிரிப்பது நியாயமான பங்கீடு ஆகாது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய ஒருவரும், மாதம் ஒருமுறை விசாரித்தால் போதுமான ஒருவரும் ஒரே சுமையல்லர். ஆகவே தீவிரத்துக்கேற்ப எடையிட்டுப் பிரித்து, அதை மாதந்தோறும் மறுபரிசீலனை செய்யுங்கள். பதவி உயர்ந்தவர்கள் கடினமான குடும்பங்களையெல்லாம் தாமே எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. இதனால் அவர்கள் சோர்ந்துபோவதோடு மற்றவர்கள் கற்கும் வாய்ப்பும் போய்விடுகிறது. இருவராகச் சென்று, அடுத்த சந்திப்பில் இளையவரைப் பேசவிட்டு அருகில் அமர்ந்திருப்பதே மேல்.

வாராந்திரச் சந்திப்பில் நிலுவைப் படிவங்கள் பற்றிய பேச்சு முழு நேரத்தையும் விழுங்கிவிடும். அதில் ஒரு பகுதியை, அந்த வாரம் மனத்தை விட்டகலாத மாணவரைப் பற்றிப் பேசுவதற்காகவே ஒதுக்கிவையுங்கள். பிறர் துயரை நாள்தோறும் கேட்பவரின் தூக்கமும் பொறுமையும் குலைவதை அங்கேதான் முன்கூட்டியே அறிய முடியும். முதல்வரோடு செய்துகொள்ளும் உடன்பாட்டை எழுத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் உணவுவேளைக் காவலுக்கும் தண்டனை அறைப் பொறுப்புக்கும் உங்கள் ஊழியர் இழுக்கப்படுவர். தண்டனை கொடுப்பவரிடம் மாணவர் மனம் திறப்பதில்லை.

கோடை விடுமுறைக்கான பணியை ஏப்ரலிலேயே தொடங்குங்கள். பள்ளியில் மட்டுமே சேவை பெறும் மாணவர்கள் யார், மருந்துச்சீட்டு ஜூலையில் முடிவது யாருக்கு, மெடிகெய்ட் புதுப்பிப்புக் கடிதம் பழைய முகவரிக்குச் சென்றுவிடக்கூடியது யாருக்கு, எட்டாம் வகுப்பிலிருந்து வேறு வளாகத்துக்கு மாறுபவர் யார் என்று பட்டியலிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பொறுப்பாளரைக் குறியுங்கள். தகவல் பகிர்வு ஒப்புதல்கள் காலாவதியாகும் தேதியையும் அதே பட்டியலில் சேருங்கள். வளாகம் மாறுபவர்களைப் புதிய பள்ளியின் கேஸ் மேனேஜரிடம் பெற்றோர் ஒப்புதலோடு மே மாதத்துக்குள் அறிமுகப்படுத்திவிட்டு, பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரத்தில் பட்டியலில் உள்ள எல்லாக் குடும்பங்களையும் ஒருமுறை அழைத்துப் பேசுங்கள்.