வரலாற்றுத் துப்பறியும் தொடர் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாற்றுப் பின்னணியில் துப்பறியும் நாவல் தொடர் எழுத விரும்பும் புதியவர்கள் தங்கள் கைப்பிரதிகளை என்னிடம் படிக்கத் தருகிறார்கள். இந்த வகை எழுத்துக்கு வந்த புதிதில் எங்களில் பலரும் தடுக்கிய இடங்களிலேயே இவர்களும் தடுக்குவதைப் பார்க்கும்போது, சிலவற்றை எழுதிவைப்பது நல்லது என்று தோன்றுகிறது. சோழர் அரண்மனைச் சமையலில் மிளகாய் வற்றலைப் போடுவது போன்ற காலப்பிழைகளை விட்டுவிடுகிறேன். கவனமாகப் படிக்கும் நண்பர் ஒருவரே அவற்றைத் திருத்திவிடுவார். ஒரே மனிதர்கள் நூலுக்கு நூல் திரும்பி வந்து, வயதாகி, மாறிக்கொண்டே போகும் தொடர் என்ற வடிவத்துக்கே உரிய தவறுகள்தான் இங்கே பொருள்.

கொலையாளி யார் என்ற கேள்வி அந்த நூலின் கடைசி அத்தியாயத்தோடு முடிந்துவிடுகிறது. வாசகர் ஒன்பதாவது நூலை முடித்துவிட்டுப் பத்தாவதைத் தேடிப் போவது அந்தக் கேள்விக்காக அல்ல. தனக்கு நெடுநாள் பழகிய மனிதர்களைக் காலம் என்ன செய்தது என்று தெரிந்துகொள்ளவே போகிறார். எடித் பார்ஜிட்டர், எல்லிஸ் பீட்டர்ஸ் என்ற புனைபெயரில் எழுதிய காட்ஃபேல் தொடரைத்தான் நான் பெரும்பாலும் எடுத்துக்காட்டப் போகிறேன். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஷ்ரூஸ்பரி மடத்தில் மூலிகைத் தோட்டம் வளர்க்கும் ஒரு துறவியே அதன் நாயகர். விளக்கத்துக்காகச் சில முடிவுகளைச் சொல்லியாக வேண்டும். இனிமேல்தான் அத்தொடரைப் படிக்கப் போகிறவர்கள் அதை மனத்தில் கொள்ளவும்.

நாட்காட்டி போடாமல் வயதை முடிவு செய்வது

1920இல் வெளிவந்த முதல் நாவலிலேயே துப்பறிவாளர் ஹெர்க்யூல் பொய்ரோ பணி ஓய்வு பெற்ற காவல் அதிகாரி. அவரை அவ்வளவு முதியவராகப் படைத்திருக்கக் கூடாது என்று அகதா கிறிஸ்டி பிற்காலத்தில் வருந்தினார். சமகாலக் கதைகளில் வயதைப் பற்றிப் பேசாமல் ஒருவாறு சமாளித்துவிடலாம். வரலாற்றுக் கதையில் அதற்கு வழியில்லை, ஏனென்றால் ஒவ்வொரு போரும் ஒவ்வொரு முடிசூட்டு விழாவும் ஆண்டைக் காட்டிக்கொடுத்துவிடும். முதல் நாவலை 1857இலும் இரண்டாவதை 1877இலும் மூன்றாவதை 1905இலும் வைக்கத் திட்டமிடும் புதியவர்கள் உண்டு. வரலாற்றின் பெரிய நிகழ்வுகளை எல்லாம் தொட்டுவிட வேண்டும் என்ற ஆசையில், நாயகருடைய ஆயுளை மூன்றே நூல்களில் செலவழித்துவிடுகிறார்கள்.

காட்ஃபேல் தொடரின் 20 நாவல்கள் 1977 முதல் 1994 வரை வெளிவந்தன. கதைக்குள்ளோ 1137 முதல் 1145 வரை சுமார் எட்டு ஆண்டுகளே நகர்கின்றன. தொடக்கத்திலேயே ஐம்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும் ஒரு மனிதரை அத்தனை நூல்களுக்கும் தாங்கவைத்தது இந்த நிதானம்தான். சி. ஜே. சான்சம், ஷார்ட்லேக் என்ற வழக்கறிஞர் துப்பறியும் தமது நாவல்கள் ஏழையும் 1537 முதல் 1549 வரையிலான 12 ஆண்டுகளுக்குள் அடக்கினார். முதல் வரியை எழுதுவதற்கு முன்பே ஒரு தாளில் ஆண்டுகளை வரிசையாக எழுதி, எதிரே முக்கியப் பாத்திரங்கள் அனைவருடைய வயதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலைக்காரரின் வயதும் அதில் இருக்க வேண்டும்.

முந்தைய வழக்கை மறந்துவிடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இந்தத் தவறுதான். மற்றப் பிழைகள் ஒரு நூலைக் கெடுக்கும். இது தொடரையே கெடுக்கும். பெரும்பாலும் இரண்டாவது நூல் எழுதி முடிக்கப்பட்ட பிறகே கண்ணில் படுவதால், அதற்குள் எழுதியவரின் ஓராண்டு உழைப்பு வீணாகியிருக்கும்.

அண்மையில் ஓர் இளைஞரின் கைப்பிரதியைப் படித்தேன். தாது வருஷப் பஞ்சத்தின் நடுவே, 1877ஆம் ஆண்டு மதராஸில் கதை நடக்கிறது. கடற்கரையில் தானிய மூட்டைகள் மலையாகக் குவிந்திருக்க, நிவாரண வேலைக்கு வருகிறவர்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று, பஞ்சப் பணிக்கு இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்த ஆண்டு அது. தானிய வியாபாரி ஒருவர் கொல்லப்படுகிறார். துப்புத் துலக்கும் ஹெட் கான்ஸ்டபிள், கிட்டங்கிக் கணக்கைத் திருத்தியவர் தம்முடைய பால்ய நண்பரான குமாஸ்தாதான் என்பதைக் கண்டுபிடிக்கிறார். வீட்டில் பிள்ளைகள் பட்டினி கிடந்ததால் குமாஸ்தா அதைச் செய்திருக்கிறார். கான்ஸ்டபிள் அந்தக் கணக்குத் தாளைக் கிழித்துத் தலைப்பாகைக்குள் வைத்துக்கொள்கிறார். தாள் இல்லாததால், குற்றமற்ற கிட்டங்கிக் காவலாளி சிறைக்குப் போகிறார். இவ்வளவு வலுவான முடிவைப் புதியவர் ஒருவர் எழுதி நான் படித்து வெகுநாளாகியிருந்தது.

அதே ஆர்வத்தோடு இரண்டாவது நூலைப் பிரித்தேன். 1879ஆம் ஆண்டு. கான்ஸ்டபிளும் குமாஸ்தாவும் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி புதிய கொலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கிழித்த தாளைப் பற்றி நூல் முழுவதிலும் ஒரு சொல்கூட இல்லை. சிறைக்குப் போன காவலாளி என்ன ஆனார் என்று அந்த இளைஞரைக் கேட்டேன். “அது போன கதை சார், அந்தக் கேஸ்தான் முடிஞ்சுபோச்சே” என்றார்.

வழக்கு முடிந்திருக்கலாம். ஆனால் அந்த மூன்று பேருக்கும் எதுவும் முடியவில்லை. அந்தக் கான்ஸ்டபிள் இனி ஒவ்வொரு சாட்சியையும் உண்மை சொல்லும்படி மிரட்டும்போது, தாம் மறைத்த உண்மை அவர் நினைவுக்கு வந்தே தீரும். தம்மைக் காப்பாற்றியவர் முகத்தைக் குமாஸ்தாவால் பழையபடி பார்க்க முடியாது. நன்றி நாளடைவில் கசப்பாகத் திரும்பவும் கூடும். காவலாளியின் மனைவி அதே தெருவில் பிழைப்பு நடத்திக்கொண்டிருக்கலாம். இரண்டாவது கொலைக்கான தடயம் இன்னொரு கணக்குப் புத்தகத்தில் இருந்து, அதைப் படித்துச் சொல்லக்கூடியவர் குமாஸ்தா ஒருவர்தான் என்றால், அவர் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியே கதையை நடத்திச் சென்றுவிடும். இத்தனையும் முதல் நூலிலேயே விளைந்து கையில் இருக்கும்போது, இரண்டாவது நூலுக்காகப் புதிதாக ஒரு சமஸ்தானத்து வைர மாலையைத் தேடிப் போயிருந்தார் அவர்.

காட்ஃபேல் தொடரின் இரண்டாவது நாவல் இதை எவ்வாறு கையாள்கிறது என்று பாருங்கள். 1138இல், அரியணைக்கான உள்நாட்டுப் போரில், மன்னர் ஸ்டீபன் ஷ்ரூஸ்பரிக் கோட்டையைப் பிடித்து, அதைக் காத்து நின்ற 94 பேரைத் தூக்கிலிடுகிறார். உடல்களை அடக்கம் செய்ய வரும் காட்ஃபேல் எண்ணிப் பார்க்கையில் 95 இருக்கின்றன. அந்த ஒரு கூடுதல் உடலே வழக்கு. விசாரணையில் காட்ஃபேலுக்கு எதிராளிபோல் வரும் ஹியூ பெரிங்கர் என்ற இளைஞர் முடிவில் அவருடைய நண்பராகிறார். மன்னருக்காக மாவட்டத்தை நிர்வகிக்கும் ஷெரீஃபுக்குத் துணையான பதவியும் அவருக்குக் கிடைக்கிறது. தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருவனுடைய சகோதரி ஆலினை ஹியூ மணக்கிறார். அந்தச் சகோதரன் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் தரப்பையே காட்டிக்கொடுத்தவன். ஹியூவுக்கும் காட்ஃபேலுக்கும் அது தெரியும், ஆலினுக்குத் தெரியாது. பின்வரும் நூல்களில் ஹியூ தம்பதிக்கு மகன் பிறக்கும்போது, இறந்த சகோதரனின் பெயரான கைல்ஸ் என்பதையே அவனுக்குச் சூட்டுகிறார்கள்.

அதன் பிறகு எந்த நூலிலாவது காட்ஃபேல் ஹியூவின் வீட்டுக்குப் போய் அந்தச் சிறுவனை மடியில் வைத்துக்கொள்ளும் காட்சி வந்தால், இரண்டாவது நாவலைப் படித்தவருக்கு அந்தப் பெயர் ஒன்றே போதும். ஆசிரியர் எதையும் நினைவூட்ட வேண்டியதில்லை. வழக்கு போட்ட முடிச்சு குடும்பத்தின் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது நூலைத் தொடங்குவதற்கு முன், முதல் வழக்கால் ஒவ்வொருவரும் எதை இழந்தார்கள், யாருக்குக் கடன்பட்டார்கள், யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்று ஆளுக்கு நான்கு வரி எழுதிப் பாருங்கள். நான்கு வரி வராத பாத்திரம் முதல் நூலில் சரியாகப் பிடிபடவில்லை என்று பொருள். திரும்பிப் போய் அதைச் சரிசெய்வதே நல்லது.

வாழ்க்கையை வழக்குக்குப் பக்கத்தில் தனியாக ஓடவிடுவது

பாத்திரங்கள் வளர வேண்டும் என்று அறிவுரை சொன்னால், ஓர் அத்தியாயம் கொலை, ஓர் அத்தியாயம் குடும்பம் என்று மாற்றி மாற்றி எழுதி வருகிறார்கள். குடும்ப அத்தியாயங்களை உருவிவிட்டாலும் வழக்கு குறையில்லாமல் நிற்கிறது என்றால், உருவிவிடுவதே சரி.

லிண்ட்சே டேவிஸின் ஃபால்கோ, பேரரசர் வெஸ்பாசியன் காலத்து ரோமாபுரியில் கூலிக்குத் துப்பறியும் சாதாரணக் குடிமகன். அவர் காதலிக்கும் ஹெலினா செனட்டர் ஒருவரின் மகள். அவளை முறைப்படி மணக்கும் தகுதிக்கு அவர் செனட்டர்களுக்கு அடுத்த படியான ஈக்வைட் வகுப்புக்கு உயர வேண்டும். அதற்கு நான்கு லட்சம் செஸ்டர்ஸ் நாணய மதிப்புள்ள சொத்து வேண்டும். எனவே அவர் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு வழக்கின் கூலியும், ஏமாற்றப்பட்ட ஒவ்வொரு பாக்கியும் நேராகக் காதல் கதைக்குள் போய் விழுகிறது. ரோமானியச் சமூக அடுக்கைப் பற்றித் தனியாக ஒரு பத்திகூட எழுத வேண்டிய தேவை அங்கே இல்லை.

நாயகரிடம் மாற்றம் கொண்டுவர அவர் மனைவியைக் கொல்வது

வேண்டாம்.

வாசகருக்குத் தெரிந்த முடிவை மூடி மறைப்பது

மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1540 ஜூலை 28ஆம் தேதி தலை துண்டிக்கப்பட்டு இறந்தார் என்பது வரலாறு தெரிந்த வாசகருக்குத் தெரியும். அவரை நம்பி வேலை செய்பவர்களுக்குத் தெரியாது. ஷார்ட்லேக் தொடரின் இரண்டாவது நாவலை அந்த ஆண்டின் கோடையில் வைத்ததன் மூலம் சான்சம் அடைந்த பயன் மிகப் பெரியது. கூன் விழுந்த அந்த வழக்கறிஞர் முதல் நாவலில் கிராம்வெல்லின் ஆணையராக மடம் ஒன்றுக்குப் போய், தம் தலைவரைப் பற்றித் தெரிந்துகொண்ட உண்மைகளால் மனம் உடைந்து திரும்பியவர். இப்போது மீண்டும் அவருக்கே வேலை செய்யும்படி நெருக்கப்படுகிறார். நாட்கள் கழியக் கழிய, கொலையாளி பிடிபடுவாரா என்பதைவிட, தலைவர் விழும்போது இவரும் சேர்ந்து விழுவாரா என்பதே வாசகரைப் பிடித்து வைத்திருக்கிறது. கிராம்வெல்லின் ஆளாக உள்ளே வந்த ஜாக் பராக், தலைவரின் வீழ்ச்சிக்குப் பின் ஷார்ட்லேக்கிடம் உதவியாளராகச் சேர்ந்து பின்வரும் நூல்களிலும் தொடர்கிறார்.

புதியவர்களோ, வாசகருக்கு முன்பே தெரிந்துவிடுமே என்று அஞ்சி, நன்கு அறியப்பட்ட நிகழ்வுகளின் பக்கமே போவதில்லை, அல்லது கடைசிப் பக்கத்தில் அதைத் திடீரென்று அவிழ்க்கிறார்கள். தெரிந்த தேதியை முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடலாம்.

நூலுக்கு ஒரு மாமன்னர்

மூன்று நூலில் ஒருமுறை போதும், அதுவும் தூரத்தில்.

பதவிகளின் வரலாற்றைப் பார்க்காமல் விடுவது

தொடர் நாயகரின் வளர்ச்சி பெரும்பாலும் பதவியின் வழியாகவே வெளியே தெரிகிறது. அந்தப் பதவி அந்த ஆண்டில் இருந்ததா, இவரைப் போன்றவருக்குக் கிடைத்திருக்குமா என்பதைப் பாருங்கள். இங்கிலாந்தில் ஐயத்துக்குரிய மரணங்களை விசாரிக்கும் கொரோனர் பதவி 1194இல்தான் முறையாக ஏற்படுத்தப்பட்டது; தடயவியல் மருத்துவரான பெர்னார்ட் நைட் தமது கொரோனர் ஜான் தொடரை அந்த ஆண்டிலிருந்தே தொடங்கினார். கல்கத்தாவில் விரல் ரேகைப் பிரிவு 1897இல் வந்தது. அதற்கு முந்தைய மதராஸில் கண்ணாடிக் குவளையில் பதிந்த ரேகையை ஒப்பிடும் காட்சிக்கு இடமில்லை.

மாறாக, வரலாறே பதவியைக் கதையாக்கித் தரும் இடங்கள் உண்டு. 1141 பிப்ரவரி 2ஆம் தேதி லிங்கன் போரில் ஸ்டீபன் சிறைப்பட்டார். அதே குழப்பத்தில் ஷ்ரூஸ்பரி ஷெரீஃப் கொலையாக, துணை ஷெரீஃபான ஹியூ, தமக்கு ஆணை தரவேண்டிய மன்னர் எதிரியின் சிறையில் இருக்கும்போது ஒரு மாவட்டத்தைத் தாமே காக்க வேண்டியதாகிறது. இரண்டாவது நாவலில் நாம் சந்தித்த தந்திரக்கார இளைஞர் பொறுப்புள்ள மனிதராவது இங்கேதான்.

இருப்பதை எல்லாம் முதல் நூலிலேயே கொட்டிவிடுவது

அடுத்த நூல் வருமா என்ற அச்சம் புதியவர்களுக்கு இருப்பது இயல்பே. அதனால் நாயகரின் பிறப்பு, காதல் தோல்வி, தந்தையின் இரகசியம் அனைத்தையும் முதல் ஐம்பது பக்கத்துக்குள் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மூன்றாவது நூலுக்கு வரும்போது அவரிடம் வெளிப்படுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

காட்ஃபேல் சிலுவைப் போருக்குப் போனவர், கடலோடியாக இருந்தவர், பெண்களைக் காதலித்தவர் என்பதை முதல் நாவல் போகிற போக்கில் சொல்லிவிடுகிறது. அந்தியோக்கியாவில் அவர் விட்டுவந்த பெண்ணுக்கு ஒரு மகன் பிறந்து வளர்ந்திருக்கிறான் என்பதோ ஆறாவது நாவலில், 1139 குளிர்காலத்துப் பனியில் நடக்கும் தேடல் ஒன்றின் நடுவே அவருக்கே தெரியவருகிறது. ஒலிவியர் என்ற அந்த மகனிடம் தாம் யார் என்று அவர் சொல்வதில்லை. பத்தாவது நாவலில் ஒலிவியர் மீண்டும் வருகிறான். 1994இல் வெளிவந்த இருபதாவது நாவலில் அவன் சிறைப்பட, மடத்தலைவர் அளித்த அனுமதியின் எல்லையைத் தாண்டி, தம் துறவையே பணயம் வைத்துக் காட்ஃபேல் மகனைத் தேடிப் போகிறார். அவர் துறவியான கதையோ முதல் நாவலுக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான், ஒரு சிறுகதையில் சொல்லப்பட்டது.

தாது வருஷக் கைப்பிரதியிலும் இந்தக் குறை இருந்தது. கான்ஸ்டபிளின் தந்தை எதனால் ஊரை விட்டு ஓடினார் என்பது இரண்டாம் அத்தியாயத்திலேயே முழுக்கச் சொல்லப்பட்டிருந்தது. அந்த ஆறு பக்கங்களை வெட்டி எடுத்து நான்காவது நூலுக்கு வைத்துக்கொள்ளும்படியும், முதல் நூலில் அவர் தந்தையின் பெயரைக் கேட்டதும் பேச்சை மாற்றுவதோடு நிறுத்தும்படியும் அந்த இளைஞரிடம் சொன்னேன். இரண்டாவது நூலை இப்போது அவர் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார். சிறைத் தண்டனை முடிந்த காவலாளி ஊர் திரும்பும் நாளில் அது தொடங்குகிறது.