நாய்க்கு இரண்டாவது மருத்துவக் கருத்து பெறுவது எப்படி: வேலூர்க்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் கோப்புக் கட்டுடன் காட்பாடி சந்திப்பில் வந்திறங்கி, தங்கள் ஊரில் சொன்ன நோய் சரிதானா என்று கேட்டறிய மக்கள் வரும் ஊர் வேலூர். அதே ஊரில் வீட்டு நாய்க்கு உடம்பு முடியாமல் போனால், பார்த்துவரும் மருத்துவர் மனம் வருந்துவாரோ என்று சிலர் தயங்கி நிற்கிறோம். சிலர் இரண்டு நாளுக்குள் மூன்று கிளினிக் ஏறி இறங்கி, ஒருவர் போட்ட ஊசி இன்னொருவருக்குத் தெரியாதபடி செய்துவிடுகிறோம். முதல் மருத்துவர் செய்தது அத்தனையையும் தாளில் எடுத்துக்கொண்டு போய், தெளிவான ஒரு கேள்விக்கு இன்னொரு மருத்துவரிடம் விடை கேட்பதுதான் இரண்டாவது கருத்து. அதை முதன்முறையாகச் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. காத்திருக்கக்கூடிய நோயா என்று பாருங்கள்

ஈறும் நாக்கும் வெளுத்துப்போதல், வயிறு உப்பியபடி வாந்திக்கு முயன்றும் ஒன்றும் வராமை, ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு, சிறுநீர் அடியோடு நின்றுபோதல், பாம்புக்கடி, கத்திரி வெயிலில் மூச்சிரைத்துச் சாய்தல் ஆகியவற்றுக்கு இரண்டாவது கருத்துத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. பக்கத்தில் எந்த மருத்துவர் இருக்கிறாரோ அவரிடம் உடனே தூக்கிச் செல்லுங்கள். நாயின் இயல்பான உடல்வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும் என்பதால், நமக்குக் காய்ச்சலாகத் தோன்றும் 101 அதற்குக் காய்ச்சல் அன்று.

2. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

பெரிய அறுவை சிகிச்சை, புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு போன்ற சொற்கள் வந்துவிட்டால், இப்போதைய சிகிச்சையில் குறையேதும் தென்படாவிட்டாலும் இன்னொருவரிடம் கேட்கலாம். மற்றபடி, மருத்துவர் சொன்ன காலத்துக்குள் குணம் தெரியாததே தக்க காரணம். ஆகவே ஒவ்வொரு முறையும், "எத்தனை நாள்ல மாற்றம் தெரியும் சார்?" என்று கேட்டு, அவர் சொன்னதைத் தேதியோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து வெயிலில் பெருகும் உண்ணியையே எடுத்துக்கொள்வோம். பழுப்பு உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்னும் பாக்டீரியாக் காய்ச்சலுக்கு வழக்கமாக 28 நாள் டாக்சிசைக்ளின் கொடுப்பார்கள். மருந்து முடிய அத்தனை நாள் ஆகும் என்றாலும், காய்ச்சல் இறங்குவதும் நாய் தட்டைத் தேடி எழுவதும் பெரும்பாலும் மூன்று நாளுக்குள் தெரிந்துவிடும். அப்படித் தெரியாமல் ஈறு மேலும் வெளுத்துக்கொண்டே போனால், அதே உண்ணி கொண்டுவரும் பபீசியாவும் சேர்ந்திருக்கலாம். சிவப்பணுக்களை உடைக்கும் அந்த ஒட்டுண்ணிக்கு வேறு மருந்து வேண்டும். "இதோடு வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா?" என்பது அப்போது கேட்கத் தகுந்த கேள்வி. அதே வேளையில், நாய் நன்றாகத் தேறி ஓடியாடும்போது எதிர்ப்புரதச் சோதனை மறுபடியும் பாசிட்டிவ் என்று வந்தால் பதற வேண்டியதில்லை. நோய் போன பிறகும் அந்தச் சோதனை பல மாதங்கள் அப்படியே காட்டும்.

3. முதல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்

"சார், ஒரு தடவை சென்னையில காட்டிட்டு வரலாம்னு வீட்ல சொல்றாங்க. இதுவரைக்கும் குடுத்த மருந்தை எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்" என்று நேராகக் கேட்டால் போதும். பெரும்பாலான மருத்துவர்கள் தாங்களே கடிதம் எழுதித் தருவார்கள். முகம் சுளிப்பவர்களும் உண்டு. அதற்காக மருந்துச் சீட்டைக் கேட்காமல் வந்துவிடாதீர்கள்.

4. கோப்பைத் தயார் செய்யுங்கள்

உண்மையான வேலை இதுதான். "ஏதோ ஒரு ஊசி போட்டார்" என்பது நோய் வரலாறு ஆகாது. மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை, தொடங்கிய நாள், நாயின் அப்போதைய எடை ஆகியவற்றை ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். மாத்திரை அட்டைகளையும் காலி மருந்துக் குப்பிகளையும் தூக்கி எறியாமல் ஒரு பையில் போடுங்கள். ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டதா என்பதைத் தவறாமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் அது ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் கல்லீரல் அளவுகளையும் மாற்றிவிடும். நிணநீர்க் கட்டிகளைச் சில நாள் சுருங்கச் செய்து புற்றுநோயைக்கூட மறைத்துவிடும்.

ரத்தப் பரிசோதனை எங்கே செய்யப்பட்டது என்பதையும் பாருங்கள். மனித ரத்தத்துக்கென அமைத்த எந்திரத்தில் நாயின் ரத்தத்தை ஓட்டினால், தட்டணுக்களின் எண்ணிக்கை தவறாக வரக்கூடும்; அறிக்கையின் ஓரத்தில் அச்சாகும் இயல்பு அளவும் மனிதருடையதாகவே இருக்கும். நாய்க்குத் தட்டணுக்கள் ஏறத்தாழ 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருக்க வேண்டும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் சரியாகக் கலக்கப்படாமல் திட்டுத் திட்டாக உறைந்துபோனால், எந்திரம் அவற்றை எண்ணாமல் விட்டு 40 ஆயிரம் என்று காட்டிவிடும். வீட்டில் எல்லோரும் அழத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே எண் குறைவாக வந்தால், கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தீற்றி உலர்த்தி, நுண்ணோக்கியில் ஒருவர் கண்ணால் பார்த்தாரா என்று கேளுங்கள். அந்தச் சில்லையே வாங்கிப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகலாம். எர்லிக்கியாவையும் பபீசியாவையும் சிலவேளை அதிலேயே பார்த்துவிடுவார்கள்.

எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த வாட்ஸ்அப் படம் போதாது. படச்சுருளையோ மூலக் கோப்பையோ கேட்டு வாங்குங்கள். ஸ்கேனில் அச்சிட்ட படத்தைவிட எழுத்து அறிக்கைக்கே மதிப்பு அதிகம். கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதித்திருந்தால் வேலை இன்னும் எளிது: அந்தச் சதையைப் பதித்து ஆய்வகத்தில் வைத்திருக்கும் மெழுகுக் கட்டையையும் சில்லுகளையும் வேறொரு நோய்க்குறியியல் நிபுணருக்கு அனுப்பினால், நாயை அலைக்கழிக்காமலே இரண்டாவது கருத்து கிடைத்துவிடும்.

நொண்டல், இருமல், வலிப்பு ஆகியவற்றைக் கைப்பேசியில் படம்பிடித்து வையுங்கள். மருத்துவரின் மேசையில் ஏற்றியதும், பயத்தில் எந்த நாயும் நொண்டாது.

5. யாரிடம் போவது

சாதாரணச் சந்தேகத்துக்கு உள்ளூரிலேயே இன்னொரு பதிவுபெற்ற கால்நடை மருத்துவர் போதும். சீட்டில் பட்டமும் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவெண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்துக்கடைக்காரரின் யோசனை இரண்டாவது கருத்து ஆகாது. கண், இதயம், எலும்பு, விடாப்பிடியான தோல் நோய் என்றால் 1903-இல் தொடங்கப்பட்டு இப்போது சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போகலாம். வேலூரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். புறநோயாளிகளைக் காலையிலேயே பதிவு செய்துகொள்வதால், விடியுமுன் கிளம்பினால் வெயிலும் தப்பும், வரிசையும் தப்பும். ராணிப்பேட்டையில் 1932 முதல் இருக்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் பக்கத்தில்தானே இருக்கிறது என்று நாயை ஏற்றிக்கொண்டு அங்கே போய்விடாதீர்கள். அது முதன்மையாகத் தடுப்பூசி தயாரிக்கும் இடம்.

தடுப்பூசி முடியாத குட்டியை எந்த மருத்துவமனைத் தரையிலும் இறக்கிவிடாமல் மடியிலேயே வைத்திருங்கள், ஏனென்றால் குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தரும் பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வயிற்று ஸ்கேன் இருக்கலாம் என்றால், சாப்பாட்டை எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள்.

6. அறைக்குள் என்ன கேட்பது

கோப்பைக் கொடுத்துவிட்டு, முதல் மருத்துவரைக் குறை சொல்லாமல், இரண்டு மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் சந்தேகிக்கும் நோய் எது? அதை உறுதிசெய்யும் சோதனை எது? அதன் முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறாது என்றால், அந்தச் சோதனை தேவையா? கடைசிக் கேள்வி செலவை வெகுவாகக் குறைக்கும். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

7. இருவரும் வேறுவேறாகச் சொன்னால்

எந்த ஒரு அறிகுறியில் அல்லது எந்த ஒரு எண்ணில் இருவரும் பிரிகிறார்கள் என்று கேளுங்கள். பல நேரம் மறுபடி எடுக்கும் ஒரே ரத்தச் சோதனை அதைத் தீர்த்துவிடும். இரண்டு சீட்டையும் கலந்து மட்டும் கொடுக்காதீர்கள். ஒருவர் எழுதிய மெலாக்சிகாம் என்னும் வலி மருந்தும் இன்னொருவர் எழுதிய பிரட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டும் ஒரே நாளில் உள்ளே போனால், இரைப்பையில் புண்ணாகி ரத்தம் கசியலாம். பழைய மருந்தில் எதை நிறுத்துவது, எதைப் படிப்படியாகக் குறைப்பது, புதியதை எத்தனை நாள் இடைவெளி விட்டுத் தொடங்குவது என்பதை இரண்டாவது மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

ஊசியும் டிரிப்ஸும் நாள்தோறும் போடப்போவது உங்கள் தெருவுக்கு அருகிலுள்ள மருத்துவர்தான். எனவே புதிய சீட்டின் நகலை ஊர் திரும்பியதும் அவரிடம் கொடுத்து, மறுபரிசோதனை எந்தத் தேதியில், எந்த அளவுகளைப் பார்க்க வேண்டும் என்று அவரது குறிப்பேட்டிலும் எழுதச் செய்துவிடுங்கள்.