கீழ் வீட்டை வாடகைக்கு விட்டு மாடியில் குடியிருக்க: முதல் வீடு வாங்குவோருக்கான செய்முறை

சென்னைப் புறநகரிலும், மதுரை, கோவை போன்ற ஊர்களிலும் கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு என்று கட்டிய பழைய தனிவீடுகள் அவ்வப்போது விலைக்கு வருகின்றன. ஒரு தளத்தில் நாம் குடியிருந்து மற்றதை வாடகைக்கு விட்டால், கடன் தவணையில் ஒரு பங்கை வாடகை தாங்கும். ஆனால் வாடகை வராத மாதத்திலும் தவணை கட்ட முடிகிறவர்கள் மட்டுமே இதில் இறங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே வீடு பார்க்கக் கிளம்பும் முன் கணக்குப் போடுங்கள். விலை 60 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு ரிசர்வ் வங்கி விதித்த வரம்பு வீட்டு மதிப்பில் 80 சதவீதம் என்பதால், 48 லட்சம்தான் கடனாகக் கிடைக்கும். மீதி 12 லட்சத்தோடு, முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என 5,40,000 ரூபாயும் உங்கள் கையிலிருந்தே போக வேண்டும். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 41,650 ரூபாய் ஆகும். கீழ் வீட்டுக்கு 12,000 ரூபாய் வாடகை வரும் என்றால், குடித்தனம் மாறும்போது வீடு காலியாகக் கிடக்கும் நாட்களை மனத்தில் வைத்து, ஆண்டுக்கு 11 மாத வாடகையை மட்டுமே வரவில் எழுதுங்கள்.

அடுத்தது பத்திரங்கள். தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய உரிமைப் பத்திரம்), பட்டா, கட்டட அனுமதி வரைபடம், சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று (குறைந்தது 30 ஆண்டுக்கு) ஆகியவற்றைக் கேட்டு வாங்கி வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வில்லங்கச் சான்றை நீங்களும் வரிவரியாகப் படியுங்கள். உரிமை ஆவணங்களை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கிய பதிவு ஒன்று இருந்து, அதைத் தீர்த்ததற்கான ரசீதுப் பதிவு பின்னால் இல்லையென்றால், முன்பணம் கொடுக்காதீர்கள். வரைபடத்தில் தரைத்தளம் மட்டும் இருந்து மாடி அனுமதியின்றி எழுந்திருந்தால், வங்கி மாடிக்கு மதிப்புப் போடாமல் கடனைக் குறைத்துவிடலாம்.

வீட்டைப் பார்க்கும்போது வண்ணப்பூச்சில் மயங்காமல் மாடிப்படியைப் பாருங்கள். படி வெளிப்புறமாக ஏறினால்தான் இரு குடும்பங்களும் ஒருவர் கூடத்தை மற்றவர் கடக்காமல் வாழ முடியும். பிறகு மீட்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். தளத்துக்கு ஒரு மின் இணைப்பு இருந்தால், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இரு வீட்டுக்கும் தனித்தனியே கிடைக்கும்; ஒரே இணைப்பில் துணை மீட்டர் மட்டும் மாட்டியிருந்தால், இரு வீட்டுச் செலவும் ஒன்றாகக் கூடி, யூனிட் விலை அடுத்த படிக்கு ஏறும். போர் மோட்டாரை ஓடவிட்டு, எந்த மீட்டர் சுற்றுகிறது என்று நின்று கவனியுங்கள். அது வாடகைக்கு இருப்பவரின் மீட்டராக இருந்தால், பிற்காலத் தண்ணீர்ச் சண்டை அங்கிருந்துதான் தொடங்கும்.

கிரயம் முடிந்து ஆள் வைக்கும்போது, தெரிந்தவர் என்பதற்காக வாய்மொழியில் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கேட்கிறது. வேறு உடன்பாடு இல்லாதவரை முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. மோட்டார் போடும் நேரம், வண்டி நிறுத்தும் இடம், மொட்டை மாடியில் துணி காயப்போடும் உரிமை ஆகியவற்றையும் அதிலேயே எழுதுங்கள். சாவி கொடுக்கும் நாளன்று மீட்டர் அளவைக் கடைசிப் பக்கத்தில் குறித்து, இருவரும் கையெழுத்திடுங்கள்.